சிறுமூளையின் மௌனம்

குழந்தைகளைத் தாக்கும் கொடிய மூளைப் புற்றுகளில் மிகுதியாகக் காணப்படுவது, சிறுமூளையில் தோன்றும் மெடுல்லோபிளாஸ்டோமா. 1925-இல் பெய்லியும் குஷிங்கும் அதற்குப் பெயரிட்டனர். கட்டியை அகற்றிய ஓரிரு நாளில், ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தை பேச்சை இழக்கிறது. தாய் சொல்வது புரிந்தும், ‘அம்மா’ என அழைக்க இயலாமல் கிடக்கிறது. வாரங்களோ மாதங்களோ கழித்துச் சொல் திரும்பும். பழைய சரளம் முழுமையாகத் திரும்புவது அரிது. மொழி பெருமூளைக்கே உரியது என்ற பழைய பாடத்தைத் திருத்த இம்மௌனமும் உதவியது.

அறுவையோடு இழப்பு முடிவதில்லை. அடுத்து வரும் கதிர்வீச்சு, வளரும் மூளையின் கற்றல் திறனைத் தேய்க்கிறது. 2012-இல் வெளியான ஒருமித்த வகைப்பாடு, மூலக்கூற்று அடிப்படையில் இந்நோயை நான்காகப் பிரித்தது. அவற்றுள் ‘விண்ட்’ வகைக்கு ஆளான குழந்தைகளுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்தாண்டுகளைக் கடக்கின்றனர். ஆகவே அவர்களுக்குக் கதிர்வீச்சைக் குறைக்கும் சோதனைகள் நடக்கின்றன. அதை அறவே விலக்கிய சிறு சோதனையிலோ சிலருக்கு நோய் மீண்டது.

எவ்வளவு குறைத்தால் உயிரும் தங்கும், மொழியும் தங்கும்? பிழைத்தோர் விழுக்காட்டை மட்டும் எண்ணும் ஆய்வு இவ்வினாவுக்கு விடை தராது. பிழைத்த குழந்தை எப்படிப் பேசுகிறது என்பதையும் அது கேட்டாக வேண்டும்.