கூதிர்காலத்துப் பறவைகள்

பண்டைத் தமிழர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்து, ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றனர். இலையுதிர்காலம் இலங்கைக்கு உரியதன்று, கூதிரோ உண்டு. இமயத்தின் சாரலில் குளிர் இறங்கியதும் தெற்கு நோக்கிப் புறப்பட்ட பறவைகள் மலைநாட்டிலே வந்து தங்கிவிடும் காலமும் அதுவே. கார்த்திகையின் ஒரு சனிக்கிழமை, ஒன்பது மாணவரும் ஒரு விரிவுரையாளரும் இரவு இரண்டு மணிக்கே பேராதனையிலிருந்து வானில் ஏறியது அப்பறவைகளைக் காண்பதற்காகத்தான்.

விரிவுரையாளர் ஒரு நிபந்தனை விதித்திருந்தார். காணும் பறவை ஒவ்வொன்றிற்கும் குறிப்பேட்டிலே மூன்று பெயர்கள் எழுதப்படல் வேண்டும்: விஞ்ஞானப் பெயர், சிங்களப் பெயர், தமிழ்ப் பெயர். துணைக்கு ஜி. எம். ஹென்றி 1955இல் வெளியிட்ட இலங்கைப் பறவைகள் பற்றிய நூல் இருந்தது. கந்தப்பளையில், தேயிலைத் தோட்டத்திற் பிறந்த அவர், கிடைத்தவிடத்துச் சிங்களத் தமிழ்ப் பெயர்களையும் குறித்துச் சென்றிருக்கிறார்.

ஹோட்டன் சமவெளிக்குப் போகும் வழியிலே, சிறு குளமொன்றின் கரையில், விடியுமுன் வானை நிறுத்தினர். இலங்கைக்கே உரிய சீழ்க்கைப் பாடும் பறவையொன்று அங்கு வைகறையிலும் அந்தியிலும் மாத்திரமே வெளிப்படும். கூரிய சீழ்க்கை இருமுறை கேட்டது, பறவை தென்படவில்லை. கேட்டதைக் கண்டதாக எழுதலாமா என்று ஒரு சிறு வழக்கு எழுந்தது. ஒலியால் அறிந்ததும் அறிவே என்று விரிவுரையாளர் தீர்ப்பளித்தார்.

1988இல் தேசிய பூங்காவாகிய அச்சமவெளி 2,100 மீற்றர் உயரத்திற் கிடக்கிறது. பனி தோய்ந்த புல்வெளியில் மரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. உலக முடிவு எனப்படும் மலைவிளிம்பில், நிலம் திடீரென எண்ணூறு மீற்றருக்கும் மேலாகக் கீழே வீழ்கிறது. ஒன்பது மணியளவில் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவர, விளிம்பு எது, வெளி எது என்பதே மறைந்தது. திரும்பும் வழியில் சிறுமூங்கிற் புதரிடையே மஞ்சட் காதுடைய கொண்டைக்குருவி ஒன்று அச்சமின்றி வந்தமர்ந்தது. அதற்குக் கொண்டை இல்லை. கொண்டையில்லாததைக் கொண்டைக்குருவி என எழுதுவது எங்ஙனம் என்று யாழ்ப்பாணத்து மாணவன் ஒருவன் கேட்க, நகைப்பு எழுந்தது. ஆயினும் அவன் வினாவில் நியாயம் இருந்தது. புலுனி, செண்பகம், நீர்க்காகம் என்று தன் ஊர்ப் பறவைகளுக்கெல்லாம் பெயர் சொல்ல வல்லவன், இம்மலைக்காட்டில் வாயற்றவனானான். நூலிலும் தமிழ்ப் பத்தி பலவிடத்து வெறுமையாயிருந்தது. நீலச் சாம்பல் நிறமான ஈபிடிப்பானுக்கு மொழிபெயர்த்து ஒரு பெயர் சமைத்தார்கள். அகராதிக்கு அது பொருந்தும். கூப்பிடுவதற்குப் பொருந்துமா என்பது வேறு.

நண்பகலில் நுவரெலியா. 1870களில் ஆளுநர் கிரெகரி அமைப்பித்த வாவியிலே படகுகளின் இரைச்சல். கரையில் இரண்டு கொக்குகள், கம்பியிற் சில தகைவிலான்கள். அவ்வளவே.

நாளின் பெரும்பேறு விக்டோரியாப் பூங்காவின் பின்புறத்தில் இருந்தது. நகரின் கழிவைச் சுமந்துவரும் ஓடையொன்று அங்கே செல்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டிய இடம். பூங்காவைக் கூட்டிக்கொண்டிருந்த பெண்ணொருவர் அவர்கள் பூம்பாத்திகளருகே அண்ணாந்து நிற்பதைப் பார்த்து, “என்னம்மா தேடுறீங்க? குருவியா? அதெல்லாம் கான் பக்கந்தான் இருக்கும், வாங்க” என்றார். ஓடைக்கரைப் புதரின் நிழலில், கரிய உடலும் வெண்புருவமுமாய் ஒரு பூங்குருவி சருகைப் புரட்டிக்கொண்டிருந்தது. சற்று அப்பால், செம்மஞ்சள் மார்புடைய காஷ்மீரத்து ஈபிடிப்பான். கைக்குள் அடங்கும் அச்சிற்றுயிர் கோடையிற் கூடுகட்டும் இடத்திலிருந்து அந்தக் கான் ஏறக்குறைய 3,000 கிலோமீற்றர்.

அழுக்கு நீரில் பூச்சி மிகுதி. பூச்சி மிக்கவிடத்தே பறவை. ஓடையைத் தூய்மை செய்வது நன்றே. ஆனால், இரு கரையும் புதரை வெட்டிச் சீமெந்து பூசுவதையே தூய்மை என்று கொள்வோமாயின், இமயத்திலிருந்து வந்தவை ஒதுங்க நிழல் இராது. மாணவர்களுள் இருவர் இதை ஏற்கவில்லை. மனிதர் நலம் முதலில் என்றனர். நீரைத் தூய்தாக்கப் புதரை ஏன் அழித்தல் வேண்டும் என்று விரிவுரையாளர் கேட்டதற்கு அவர்களிடம் விடை இல்லை.

“இன்னும் ஒண்ணு இருக்கு. பச்சை முதுகு, வயித்துக்குக் கீழ செவப்பு. ஆறுமணிக் குருவி. பொழுது சாயுறப்ப கத்தும்” என்றார் அப்பெண்.

தலவாக்கலையிலிருந்து வந்த மாணவி திடுக்கிட்டு ஏட்டைப் புரட்டினாள். நூலிலே தேடவேண்டியிருந்த பெயர் கூட்டுமாற்றோடு நின்றவரின் வாயிலிருந்து வந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று அப்பெண் விசாரித்தார். வடஇந்தியாவிலிருந்து என்றாள் மாணவி.

“திரும்பப் போயிருமா?”

“சித்திரை மட்டில் போய்விடும், அக்கா. அடுத்த ஐப்பசியில் வரும்.”

“வருதுதானே” என்றார் அவர். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதெனத் தீர்மானித்தது. அவருடைய சின்னம்மாவும் அவர்களுள் ஒருவர். தலைமன்னாரிற் கப்பலேறிய பின் அவர் இந்த மலையைக் காணவில்லை. இதனைச் சொல்லிவிட்டு அவர் சருகைக் குவிக்கத் தொடங்கினார்.

ஆறு மணியாக இன்னும் சில நிமிடங்கள் இருக்கையில், புதருக்குள்ளிருந்து தெளிவான ஈரசைச் சீழ்க்கை எழுந்தது. தொலைநோக்குக் கருவிகள் உயர்ந்தன. மாணவி மட்டும் குனிந்து தமிழ்ப் பத்தியை முதலில் நிரப்பினாள். மற்றைய இரண்டையும் வானில் ஏறிய பின் எழுதிக்கொண்டாள்.