கோச்சி போன பாதையில் சைக்கிள்

வாற ஏப்ரலில், வெயில் தணிந்த பிறகு, நானும் ஒரு தம்பியும் சைக்கிளில் ஒரு பயணம் போவதென்று முடிவெடுத்திருக்கிறோம். கிழக்கு கிப்ஸ்லாண்டில் பெயார்ன்ஸ்டேலில் இருந்து ஓர்பொஸ்ற் வரை, ஏறத்தாழ 95 கிலோமீற்றர். பழைய ரயில் பாதையில் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு, நடக்கவும் சைக்கிள் ஓடவும் விட்டிருக்கிறார்கள். ஸ்பிரிங்வேல் சந்தையில் இதைச் சொன்னபோது தெரிந்த அக்கா ஒருவர் சிரித்தார். "ஊரில ஓடினது காணாதே?"

நியாயமான கேள்விதான். 1990 யூனில் யாழ்தேவி நின்றது. பிறகு பொருளாதாரத் தடை, பெற்றோல் இல்லை. சைக்கிள்தான் எங்களுக்கு பஸ், லொறி, அம்புலன்ஸ் எல்லாம். 1905இல் காங்கேசன்துறை வரை போட்டு முடித்த பாதையின் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர் மூடப் போய்விட்டன. மிஞ்சின மேட்டில் கொக்குவிலுக்கும் கோண்டாவிலுக்கும் இடையில் நான் எத்தனை தரம் ஓடியிருப்பேன்! கரியரில் விறகு, இல்லாவிட்டால் ஆராவது ஒரு ஆள்.

அதுவும் இதுவும் ஒன்றா என்று கேட்டால், இல்லை. ஓர்பொஸ்ற் பாதை 1916இல் திறந்தது. மரமும் விளைச்சலும் ஏற்றியது. லொறிகள் வந்து அந்தச் சுமையை வாங்கிக்கொள்ள 1987இல் மூடினார்கள். பிறகு யோசித்து, சைக்கிள் பாதை ஆக்கினார்கள். எங்கடை பாதையை அப்படி ஆரும் யோசித்து மாற்றவில்லை, யுத்தம் மாற்றியது. அதனால்தான் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் கோச்சி திரும்பிப் போனபோது எனக்குச் சந்தோசம். அந்த மேடு சும்மா கிடந்திருந்தால் அழகு என்று சொல்ல என்னால் ஏலாது.

இனித் திட்டத்துக்கு வருவம்.

முதல் நாள் டண்டினோங்கில் வீ லைன் ரயில் ஏறவேண்டும். சைக்கிளுக்குத் தனிக்காசு இல்லை, ஆனால் இடம் கொஞ்சம், முந்தினவருக்குத்தான். 2023 மார்ச் முதல் பெயார்ன்ஸ்டேல் வரை போனாலும் மெல்பேர்ண் நாள் கட்டணத்துக்கு மேல் எடுப்பதில்லை. பின்னேரம் 30 கிலோமீற்றர் ஓடினால் புரூதன். இரண்டாம் நாள் காடு. நோவா நோவா வரைக்கும் கடை கண்ணி கிடையாது, தண்ணீர் கட்டிக்கொண்டு போகவேண்டும். ஊர் வர முன்னம் ஸ்ரோனி கிறீக் மரப்பாலம்: 276 மீற்றர் நீளம், 20 மீற்றர் உயரம். அதுக்கு மேலே ஏறமுடியாது, பக்கத்தால் கீழே இறங்கிப் பார்க்கலாம். மூன்றாம் நாள் ஓர்பொஸ்ற்.

ஏற்றம் பற்றிப் பயம் வேண்டாம். கோச்சி செங்குத்தாக ஏறாது. மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் போட்ட பாதை, ஐம்பது தாண்டின முழங்கால் தாங்கும். ஆனால் சரளைக்கல் என்றபடியால் மெல்லிய ரயர் சரிவராது. 2019–20 காட்டுத்தீ கிழக்கு கிப்ஸ்லாண்டை மோசமாக எரித்தது. இப்பவும் தீயோ வெள்ளமோ வந்தால் பாதையை மூடுவார்கள், புறப்பட முன்னம் விசாரிக்கவேண்டும். ஓர்பொஸ்ற்றில் இப்போது ரயில் இல்லை, பஸ் சைக்கிளை ஏற்றாது. மருமகன் வான் கொண்டு வருவான். சாப்பாட்டுக்குப் பருத்தித்துறை வடை, நாலு நாளைக்குப் பழுதாகாது.

இவ்வளவையும் தாளில் எழுதி அந்தத் தம்பிக்குக் காட்டினேன். 2012 கடைசியில் படகில் வந்தவர். டண்டினோங்கில் தொழிற்சாலை வேலை. தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, 12 வருசத்துக்கு மேலாக இடைக்கால விசாவில் இருக்கிறார். 2023 பெப்ரவரியில் தற்காலிகப் பாதுகாப்பு விசா வைத்திருந்தவர்களுக்கு நிரந்தர வதிவிடத்துக்கு வழி திறந்தது. இவரைப் போல மறுக்கப்பட்டவர்களுக்கு அது இல்லை. நாட்டைவிட்டு வெளிக்கிட்டால் திரும்பி வர ஏலாது. தாயை போனில்தான் பார்க்கிறார்.

தாளை வாசித்துவிட்டு அவர் ஏற்றத்தைப் பற்றியோ தண்ணியைப் பற்றியோ கேட்கவில்லை.

"மூண்டு இரவு வெளியில தங்கிறதெண்டா ஆரிட்டையாவது சொல்லவேணுமே, அண்ணை?"

"வேண்டாம் தம்பி. உம்மடை விலாசம் மாறேல்லைத்தானே?"

"வடிவாத் தெரியுமே?"

தெரியும் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அடுத்த நாள் விசாக் கடிதத்தைக் கொண்டுவந்து, இரண்டு பேருமாக நிபந்தனைகளை ஒவ்வொன்றாக வாசித்தோம். ஊருக்குள் பாஸ் எடுத்துப் பயணம் செய்த சனம் நாங்கள். இங்கே ஆரும் கேட்காவிட்டாலும் அந்தப் பயம் தானாக வந்து நிற்கிறது. ஒருவரை இவ்வளவு காலம் முடிவில்லாமல் வைத்திருந்தால், சுற்றி வேலி போடத் தேவையில்லை, வேலியை அவரே மனதில் போட்டுக்கொள்வார். கன்பெராவில் இருப்பவர்களுக்கு இது விளங்கவேண்டும்.

நேற்று அவர் ஒரு பழைய மலைச் சைக்கிள் வாங்கிவிட்டார். பின்சில்லுக்கு ரியூப் மாற்றவேண்டும்.

வானில் இன்னும் இரண்டு சைக்கிளுக்கு இடம் இருக்கிறது. வர விருப்பமான ஆக்கள் சொல்லுங்கோ.