ஏரி மண்ணிடம் எதைக் கேட்பது?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள், கடைசியில் உங்களிடம் ஓர் உதவி கேட்டிருக்கிறேன்.

போன மாதம் என் தங்கை மகன் போன் பண்ணினான். "மாமா, ஏரியில வண்டல் அள்ளி நிலத்துல கொட்டலாம்னு இருக்கேன். பழைய பூச்சி மருந்து ஏதாவது அதுல தங்கியிருக்குமா? நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியார், சொல்லுங்க" என்றான். முப்பது வருடம் வேதியியல் நடத்தியவன் நான். எனக்குப் பதில் தெரியவில்லை.

மறுநாள் காலை நடந்துவிட்டு வரும்போது, ஏரிக்கரையோரம் ஒரு கை மண் அள்ளி மளிகைக்கடைப் பையில் கட்டினேன். சென்னையில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவிக்குக் கூரியரில் அனுப்பிவைத்தேன். இரண்டே நாளில் அவளிடமிருந்து போன். "சார், கோவிச்சுக்காதீங்க. இந்த மண்ணை டெஸ்ட் பண்ணிப் பிரயோஜனம் இல்லை." எத்தனையோ பேரின் ரெக்கார்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தவன் நான். இப்போது என்னுடையது திரும்பி வந்துவிட்டது!

பிறகு அவள் எனக்குப் பாடம் நடத்தினாள். டி.டி.டி., பி.எச்.சி. போன்ற மருந்துகள் மணலில் அவ்வளவாகத் தங்காது. மக்கு கலந்த நைசான வண்டலில்தான் ஒட்டிக்கொள்ளும். அதனால் வண்டல் படியும் இடங்களாகப் பார்த்து, மேலாக ஐந்து சென்டிமீட்டர் மண்ணை, ஓர் இடத்தில் இல்லாமல் பல இடங்களில் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் பை கூடாது, அதிலிருந்து கசியும் பொருளே கணக்கைக் குழப்பும். சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, ஐஸ் பெட்டியில் கொண்டுவர வேண்டும். ஆய்வகத்தில் அதை உலர்த்திச் சலித்து, ஹெக்சேன், அசிட்டோன் போன்ற கரைப்பானில் மருந்தைப் பிரித்தெடுத்து, இடையூறு செய்யும் கந்தகத்தைச் செம்பால் நீக்கி, கேஸ் குரோமட்டோகிராபில் செலுத்துவார்கள். விடை நானோகிராம் கணக்கில் வரும். ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு! டி.டி.டி. மண்ணில் சிதைந்து டி.டி.இ. ஆகும். டி.டி.இ. தூக்கலாக இருந்தால் பழைய மருந்து. டி.டி.டி. தூக்கலாக இருந்தால் சமீபத்தில் யாரோ பயன்படுத்தியிருக்கலாம்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டாள். "எந்தெந்த மருந்தைத் தேடணும் சார்? பி.எச்.சி.யைத் தேடற முறையில கிளைபோசேட் தெரியாது. நாம தேடாதது ரிப்போர்ட்லயே வராது. 'கண்டறியப்படவில்லை'னு எழுதியிருந்தா, ஊர்ல எல்லாரும் மண்ணு சுத்தம்னு நினைச்சுக்குவாங்க."

அன்று இரவு தூக்கம் வரவில்லை. நான் சிறுவனாக இருந்தபோது அப்பா பி.எச்.சி. பவுடரைத் துணியில் மூட்டை கட்டி, வெறுங்கையால் உதறி உதறி வயலில் தூவுவார். பிறகு கைத்தெளிப்பான் வந்தது. மருந்தடித்து முடிந்ததும் ஏரி மதகில் அதைக் கழுவிக்கொண்டு வருவது என் வேலை. நான் வாத்தியாரான பிறகும் வகுப்பில் பென்சீன் ஹெக்சாகுளோரைடை விவசாயியின் நண்பன் என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். விவசாயத்துக்கு டி.டி.டி. 1989-லும், பி.எச்.சி. 1997-லும் தடை செய்யப்பட்டன. எண்டோசல்பானை 2011-ல் உச்சநீதிமன்றம் நிறுத்தியது. தடை வந்த பிறகு பாடத்தை மாற்றிக்கொண்டேன். முன்னால் படித்துவிட்டுப் போனவர்களிடம் எப்படிப் போய்ச் சொல்வது?

நம் தண்ணீர் எங்கே போகிறது என்று யோசித்துப் பாருங்கள். கல்வராயன் மலைத் தண்ணீரைக் கொண்டுவரும் கோமுகியும் மணிமுக்தாவும் சேர்ந்து வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகின்றன. 1980-களின் கடைசியில் அந்த வெள்ளாற்றுப் பகுதியில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து வயல் மண், ஆற்றுத் தண்ணீர், வண்டல், காற்று எல்லாவற்றையும் சோதித்தார்கள். அவ்வளவு பி.எச்.சி. தூவிய பூமியில், எதிர்பார்த்ததைவிட வண்டலில் குறைவாகத்தான் இருந்தது. காரணம், நம் ஊர் வெயில். வயலில் போட்டதில் 99 சதவீதத்துக்கும் மேல் ஆவியாகிக் காற்றோடு போய்விட்டது என்று கணக்கிட்டார்கள். மண்ணில் குறைவு என்றால் நாம் குறைவாகப் போட்டோம் என்று அர்த்தமில்லை.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். உங்கள் வீட்டில் நெல்லுக்கும் கரும்புக்கும் பருத்திக்கும் எந்தெந்த மருந்து அடித்தார்கள்? ஏறக்குறைய எந்த வருடம்? இப்போது என்ன அடிக்கிறீர்கள்? பெரியவர்களிடம் கேட்டு எனக்குச் சொல்லுங்கள். பரண் மேல் பழைய டப்பா கிடந்தால் அதைக் கையில் தொடாமல் லேபிளை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். யார் மீதும் குற்றம் சொல்ல அல்ல. நாம் சொன்னால்தான் இயந்திரத்துக்கு எதைத் தேடுவது என்று தெரியும்.

வண்டலை இப்போதைக்கு அள்ள வேண்டாம் என்று மருமகனிடம் சொல்லிவிட்டேன். பட்டியலின் முதல் வரியை நானே எழுதிவிட்டேன்: பி.எச்.சி., ஏரி மதகு, கழுவியது நான்.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி சார்,
தியாகதுருகம்.