ஒரு வரியில் அறுபது பேர்

சினிமாவுக்குக் கதை எழுதற பழக்கம் எனக்கு இருக்குன்னு வீட்டம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. அவங்களுக்கும் அதுல பெருசா சந்தோஷம் கிடையாது :-) முழுத் திரைக்கதை எல்லாம் இல்லீங்க. ஒன்லைன் மட்டும். புரொட்யூசர் காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள சொல்லி முடிக்கற மாதிரி நாலு வரி. சுஜாதாவோட 'திரைக்கதை எழுதுவது எப்படி?' படிச்சதுல இருந்து பிடிச்ச வியாதி.

நாலு வரிதானேன்னு நினைச்சுடாதீங்க. 2018-ல 'சர்கார்' விவகாரம் ஞாபகம் இருக்கும். வருண் ராஜேந்திரன் 2007-ல பதிவு பண்ணி வெச்சிருந்த 'செங்கோல்' கதையும் இதுவும் ஒண்ணுதான்னு, எழுத்தாளர் சங்கத் தலைவரா இருந்த பாக்யராஜ் சொன்னார். ஒருத்தனோட ஓட்டை வேற ஒருத்தன் போட்டுடறான். கரு அவ்வளவுதான். அதுக்கு ஹைகோர்ட் வரைக்கும் போய், ரிலீசுக்கு முன்னாடி சமாதானம் ஆச்சு.

சரி, என் கதைக்கு வர்றேன். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-ல. ஆனா ஊர் பேரு நாடு பூரா அடிபட்டது 2024 ஜூன்ல. கருணாபுரத்துல விஷச்சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தப்போ. நான் அதை வெச்சு ஒரு ஒன்லைன் போட்டேன்:

"கல்வராயன் மலையில் காய்ச்சிய சாராயத்தால் டவுனில் அறுபது பேர் சாகிறார்கள். காய்ச்சியவனின் மகனே போலீசாகி அப்பாவைப் பிடிக்கிறான்."

('தங்கப்பதக்கம்' தலைகீழான்னு நீங்க கேக்கறது காதுல விழுது. ஹி ஹி.)

இதை வண்டி சர்வீசுக்கு விட்ட இடத்துல மெக்கானிக் தம்பிகிட்ட சொன்னேன். வெள்ளிமலைப் பக்கத்துப் பையன். சினிமான்னா உசிரு. ஸ்பேனரைக் கீழ வெச்சுட்டு முழுசா கேட்டான். நல்லாருக்குன்னு சொல்வான்னு காத்துக்கிட்டு இருந்தேன்.

"அண்ணே, செத்தவங்க குடிச்சதுல இருந்தது மெத்தனாலுங்க. பேக்டரி கெமிக்கலு. எங்க மலையில வெல்லமும் பட்டையும் போட்டு ஊறல் போடுறவன் இருக்கான், இல்லேன்னு சொல்லல. ஆனா இந்தச் சாவு மலையில இருந்து இறங்கி வரலண்ணே."

பதில் சொல்லத் தெரியல. பேப்பர்ல நானும் படிச்சதுதான். கதைக்கு வசதியா இல்லைன்னு மறந்துட்டேன்.

"அந்த மாசம் நான் ரூம் பாத்துக்கிட்டு இருந்தேண்ணே. எந்த ஊருன்னு கேட்டாங்க. கல்வராயன் மலைன்னேன். ரூம் இல்லேன்னுட்டாங்க. உங்க படம் வந்தா இன்னும் பத்து வருஷத்துக்கு ரூம் கெடைக்காது."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். எனக்குத்தான் சிரிப்பு வரல.

அப்புறம் ஒண்ணு கேட்டான். "அறுபது பேர்னு ஒரே வரியில போய்ட்டீங்க. அதுல ஒரு வீட்டைக் காட்டுங்கண்ணே. அப்பா அம்மா ரெண்டு பேரும் போன வீடுகூட இருக்குதே. மறுநாள் காலையில அங்க யாரு அடுப்பு பத்த வெச்சாங்க?"

இருபது வருஷமா அடுத்தவன் கதையில ஓட்டை கண்டுபிடிச்சுக்கிட்டு இருக்கேன். செகண்ட் ஹாஃப் தொங்குது, ஹீரோவுக்கு வேலை இல்லை, கிளைமாக்ஸ் வீக்குன்னு சொல்லுவேன். இந்தக் கதையால யாருக்கு ரூம் கிடைக்காமப் போகும்னு ஒரு நாளும் கேட்டதில்லை. மக்களே, நீங்க யாராவது கதை சொல்லும்போது கேட்டிருக்கீங்களா?

ராத்திரி உட்கார்ந்து பழசை அடிச்சுட்டுத் திருப்பி எழுதினேன்:

"கருணாபுரம். அப்பா, அம்மா ரெண்டு பேரையும் ஒரே வாரத்தில் இழந்த பதினாறு வயசுப் பொண்ணு, தம்பிக்கு ஸ்கூல் திறக்கறதுக்குள்ள முதல் தடவையா தனியா சமைக்கிறாள்."

இதுல சண்டை இல்லை, பாட்டு இல்லை, போலீஸ் மகன் இல்லை. எந்த புரொட்யூசரும் காபி முடியற வரைக்கும்கூட உட்கார மாட்டார். நேத்து வண்டி எடுக்கப் போனப்போ தம்பிகிட்ட படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசல.

"என்ன சமைக்குதுண்ணே?"ன்னான்.

அதைத்தான் இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.