சம்ப் மூடி

சென்னையில் வீடு பார்க்கப் போகிறவர்கள் சமையலறையைப் பார்ப்பார்கள், பூஜை அலமாரி எந்தத் திசை என்று கேட்பார்கள். நான் சம்ப், அதாவது தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி, அதன் மூடியைத் தூக்கிக் காட்டச் சொல்வேன். இரண்டடிக்கு இரண்டடி இரும்பு மூடி, துருப்பிடித்த வளையம், அதன்மேல் பெரும்பாலும் ஒரு ஸ்கூட்டர் நிற்கும். அதை நகர்த்தி மூடியைத் தூக்கினால் முதலில் ஒரு குளிர்ந்த காற்று முகத்தில் படும், பிறகு வாடை. பாதி விஷயம் அந்த வாடையிலேயே தெரிந்துவிடும். குளோரின் நெடி என்றால் குழாய்த் தண்ணீர் ஒழுங்காக வருகிறது. இரும்பு வாடை என்றால் போர்வெல் தண்ணீர். லேசாகச் சாக்கடை நாறினால், தெரு உயர்ந்து வீடு தாழ்ந்து, மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் உட்சுவரில் தண்ணீர் நின்ற மட்டங்கள் கோடு கோடாகத் தெரியும். எந்தத் தரகரும் சொல்லாததை அவை சொல்லும்.

நகரத்துக் குழாயில் தண்ணீர் சில மணி நேரம்தான் வரும், மாடி ஏறும் வேகத்திலும் வராது. அதனால் வாசலில் பள்ளம் வெட்டி அது வந்து விழட்டும் என்று காத்திருக்கிறோம். விழுந்ததை மோட்டார் மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்றும். குழாய் வறண்டால் போர் இருக்கிறது. போர் உப்பானால் ஆர்.ஓ., அதையும் நம்பாதவர்களுக்கு 20 லிட்டர் கேன், சித்திரை பிறந்தால் லாரி. கரண்ட் போனால் இன்வர்ட்டர். பாதாளச் சாக்கடை வராத தெருவென்றால் செப்டிக் டேங்க், அதை உறிஞ்ச இன்னொரு லாரி. குப்பை, காவல் எல்லாம் சேர்த்து மாதா மாதம் மெயின்டனன்ஸ். ஒவ்வொரு வீடும் தனக்கென்று ஒரு சின்ன நகராட்சியைக் கட்டி நடத்துகிறது. அத்தனைக்கும் செலவழித்த பிறகு அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரி, அதோடு குடிநீர், கழிவுநீர் வரி, அதற்குத் தனியாகக் கட்டணம். வாடகைக்கு இருப்பவர் கையில் ரசீது வருவதில்லை. வாடகை உயர்வாக வந்துவிடுகிறது.

2022 ஏப்ரலில் வரி உயர்ந்தபோது டீக்கடை முதல் கோயில் வாசல் வரை அதே பேச்சு. சென்னையின் பழைய எல்லைக்குள் 600 சதுர அடிக்குள் இருந்த வீட்டுக்கு 50 சதவீதம் உயர்வு. 1,800 சதுர அடியைத் தாண்டிய வீட்டுக்கு 150 சதவீதம். 1998க்குப் பிறகு நிலைத்து நின்ற உயர்வு அதுதான்; இடையில் 2018இல் உயர்த்தியதை அடுத்த ஆண்டே நிறுத்தி வைத்துவிட்டார்கள். 24 ஆண்டுகளில் அரிசி விலை எங்கே போயிற்று, ஆசிரியர் சம்பளம் எங்கே போயிற்று; வரி மட்டும் அப்படியே இருக்க முடியாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். என் மனத்தை உறுத்தியது வேறு. 2016 அக்டோபரிலிருந்து 2022 தொடக்கம் வரை இந்த நகரத்துக்குத் தேர்ந்தெடுத்த கவுன்சிலரே கிடையாது. மார்ச்சில் புதிய மன்றம் பதவியேற்றது, ஏப்ரல் பிறந்ததும் வரி உயர்வு அறிவிப்பு வந்தது. ஐந்து வருஷத்துக்கு மேலாகத் தெருவிளக்கையும் சாக்கடையையும் பற்றி முறையிட வார்டு உறுப்பினர் இல்லாத ஊரில், மக்கள் தம் பிரதிநிதியிடம் பேசத் தொடங்குவதற்குள் பில் வந்து நின்றது.

இந்த ஊரின் வரிச் சண்டைக்கு வயது 300 தாண்டிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த சென்னைக் கதைகளில் அது ஒன்று. 1686இல் கிழக்கிந்தியக் கம்பெனி வீடுகளுக்கு வரி போட்டது. கோட்டைக்கு வெளியே கறுப்பர் பட்டணத்தில் இருந்த வணிகரும் தொழிலாளரும் கடையை அடைத்தார்கள், கூட்டம் கூடினார்கள், கட்ட முடியாது என்றார்கள். கோட்டை மிரட்டியது, ஊர் அப்போதைக்கு அடங்கியது, மனம் மட்டும் அடங்கவில்லை. லண்டனில் கம்பெனியின் தலைமையில் இருந்த ஜோசையா சைல்ட் பெரிய வியாபாரி, இரக்கத்துக்குப் பேர் போனவரும் இல்லை. ஆனால் இதிலிருந்து அவர் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். மேலே இருந்து நாம் விதித்தால் சல்லிக்காசுக்கும் முரண்டு பிடிக்கிற ஜனம், தங்கள் சபை தங்கள் நன்மைக்கென்று விதித்தால் பல மடங்கு தாராளமாகக் கொடுக்கும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில்தான் 1687 டிசம்பரில் சாசனம் பிறந்தது. 1688 செப்டம்பர் 29 அன்று மதராஸ் கார்ப்பரேஷன் அமைந்தது. வரி கட்ட மறுத்தவர்களைச் சம்மதிக்க வைக்கத் தொடங்கிய சபை அது. கம்பெனியின் நோக்கம் வசூல்தான், அதில் எனக்கு மயக்கமில்லை. இருந்தாலும் கடையை அடைத்த அந்த முகம் தெரியாத மனிதர்களை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் சேர்ந்து நின்றதால்தான் கோட்டை யோசிக்க வேண்டி வந்தது. நாம் சேர்ந்து நிற்பதில்லை. குழாயில் வரத்து குறைந்தால் பக்கத்து வீட்டைவிட ஒரு அடி ஆழமாக சம்பை வெட்டுகிறோம். அவர்களும் வெட்டுகிறார்கள். தெருக்கோடி வீட்டுக்குச் சொட்டுக்கூடப் போவதில்லை.

நான் வளர்ந்தது திருவல்லிக்கேணியில் ஓர் ஒண்டுக் குடித்தனத்தில். ஆறு குடும்பம், ஒரே குழாய். அதுவும் தரைக்கு மேலே இருந்தால் தண்ணீர் ஏறாது என்று முற்றத்தில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் பறித்து அதற்குள் இறக்கி வைத்த குழாய். குழாய் வாயில் பழைய வேட்டித் துணி கட்டியிருக்கும். விடிந்து அவிழ்த்துப் பார்த்தால் செம்மண் குழம்பு. தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று வரும், பாம்பு சீறுவது போல. அந்தச் சத்தம் கேட்டதும் வீட்டுக்காரப் பாட்டி எழுந்துவிடுவார். "வந்துடுத்துடீ, எழுந்திருங்கோ" என்று ஒவ்வொரு கதவாகத் தட்டுவார். குடித்தனத்துக்கு நாலு குடம், பிறகு இரண்டாவது சுற்று. பாட்டியின் குடம் கடைசி. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "நான் முன்னால பிடிச்சா நீங்க யாரும் என்னை நம்பமாட்டேள்" என்றார். பிரசவமாகி வந்த பெண் இருக்கும் வீட்டுக்குப் பத்து நாளைக்கு இரண்டு குடம் கூடுதல். காய்ச்சல்காரர் வீட்டுக்கு ஒன்று. இதற்கெல்லாம் எழுத்து இல்லை, ஆனால் யாரும் மறந்ததில்லை. சண்டை இல்லாமலா? குடத்தை இடித்து நெளித்த சண்டை உண்டு, மாசக்கணக்கில் பேசாமலிருந்த சண்டை உண்டு. ஆனாலும் எந்தக் குடம் எந்த வீட்டுக்குப் போகிறது என்று ஆறு குடும்பத்துக்கும் தெரியும். யாருக்குக் குறைந்தது என்பதும் தெரியும். கூடுதலாக ஒரு குடம் யாருக்குக் கொடுத்தோம், எதற்காகக் கொடுத்தோம் என்பது தெரிந்திருந்ததால் கொடுத்தது வலிக்கவில்லை. வரி என்று நான் மனத்தில் வைத்திருப்பது அந்த இரண்டு குடத்தைத்தான்.

சம்ப் வந்ததும் அந்தக் கணக்கு தரைக்கு அடியில் போய்விட்டது. இப்போது என் தொட்டியில் இருப்பது எங்கிருந்து வந்தது என்றுகூட யோசிக்காமல் குளிக்கிறேன். பூண்டி, புழல், செம்பரம்பாக்கம் என்று பள்ளிக்கூடத்தில் படித்த பெயர்கள் போக, மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் உப்பு நீக்கிய கடல்நீர் வருகிறது. 2004 முதல் சுமார் 235 கிலோமீட்டர் குழாய் வழியாக வீராணத்துத் தண்ணீர் வருகிறது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் என்று போட்ட திட்டம். 'பொன்னியின் செல்வன்' படித்த யாருக்கும் அந்த ஏரியைத் தெரியும். ஆடிப்பெருக்கு அன்று வந்தியத்தேவன் குதிரையில் வருகிறானே, அதே வீரநாராயண ஏரி, பத்தாம் நூற்றாண்டில் சோழர்கள் வெட்டியது. கல்கி அந்த ஏரியை வாசகனுக்கு அவசரமில்லாமல் காட்டுவார். காற்று, அலை, மதகுகளில் பாயும் வெள்ளம், கரையில் கூடிய ஜனங்கள் எல்லாம் வரும். சிறு வயதில் அந்த முதல் அத்தியாயத்தை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அந்த ஏரியின் தண்ணீரில் என் வீட்டில் அரிசி களைவார்கள் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் அதை நம்பி நாற்று விடும் விவசாயிக்கு, வறண்ட வருஷத்தில் அந்தக் குழாயைப் பார்க்கும்போது என்ன தோன்றும்? நமக்கு அவரையும் தெரியாது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டரோடு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்தபோதுதான், நம் தண்ணீருக்கு ஓர் ஊர் உண்டு என்று நகரம் கொஞ்ச நாள் நினைத்துப் பார்த்தது.

சம்ப் வெட்ட இடமில்லாதவர்கள் இன்னும் தெருவில்தான் இருக்கிறார்கள். தெருமுனைக் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டியடியில் பச்சையும் ஆரஞ்சுமாகப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நிற்கும், பக்கத்தில் பெண்கள் நிற்பார்கள். லாரி பத்து மணிக்கு வந்தால் வீட்டு வேலைக்குப் போக வேண்டியவளுக்கு அன்றைக்கு ஒரு வீட்டுச் சம்பளம் போச்சு. அவள் கொடுக்கும் விலை எந்த வரி ரசீதிலும் ஏறாது. 2024இல் சொத்து வரி இன்னொரு 6 சதவீதம் உயர்ந்தபோது அதைப் பற்றி ஊரே பேசியது. லாரியின் நேரத்தைப் பற்றி அவர்களைத் தவிர வேறு யார் பேசினார்கள்?

2022 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. கிராம சபையைப் போல, வார்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து மக்களையும் கவுன்சிலரையும் உட்கார்த்தும் ஏற்பாடு. ஜோசையா சைல்டின் கணக்கு சரியோ தவறோ, அதைச் சோதித்துப் பார்க்க நமக்குக் கிடைத்திருக்கும் இடம் இது. அங்கே போய் வரியைக் குறையுங்கள் என்று கேட்க எனக்கு விருப்பமில்லை. எங்கள் பகுதியில் எத்தனை ரூபாய் வசூலாயிற்று, அதில் எங்கள் பகுதிக்கு எவ்வளவு திரும்பியது, எந்தத் தெருவுக்கு எந்த நேரத்தில் எவ்வளவு தண்ணீர் என்பதைக் கரும்பலகையில் எழுதி, ரேஷன் கடை வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டச் சொல்லப்போகிறேன். தெரு மேலும் உயர்ந்து வீடுகள் தாழாமலிருக்க, புதிதாக ரோடு போடுமுன் பழைய தாரைச் சுரண்டி எடுக்கச் சொல்லப்போகிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது தண்ணீர் லாரியின் நேரம். அதை நான் கேட்பதைவிட, தொட்டியடியில் நிற்கும் பெண்கள் கேட்பதுதான் முறை. அவர்கள் வேலையை விட்டுவிட்டு வர முடியாது. ஆகவே கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வையுங்கள் என்று கவுன்சிலருக்கு மனு எழுதி, கையெழுத்து வாங்கத் தெருவில் ஒவ்வொரு வீடாக ஏறிக்கொண்டிருக்கிறேன்.