ரிட்ஜ்வேயில் விழுந்த கதை

அம்மா வற்புறுத்தினதாலதான் போன மே மாசம் இங்கிலாந்தில், ஸ்விண்டனில் இருக்கிற தம்பி வீட்டுக்குப் போனேன். ஊர் வீட்டுப் பாகப்பிரிவினைக்கு அப்புறம் நாலு வருஷமா எங்களுக்குள்ள சரியான பேச்சு இல்லை. ஞாயித்துக்கிழமை ரெண்டு சைக்கிளை வெளியே எடுத்தான். "வாண்ணே, ரிட்ஜ்வே போலாம்."

ரிட்ஜ்வே 139 கிலோமீட்டர் நீளமான பழைய பாதை. மேற்குப் பாதியில் சைக்கிள் ஓட்டலாம். தார் கிடையாது, சரளையும் சுண்ணாம்புக்கல்லும்தான். ரெண்டு பக்கமும் அலையலையா வயல். அதுக்கு ஏறுற கிளைப்பாதையில் அம்புக்குறியைக் காட்டினான். மஞ்சள்னா நடக்கிறவங்களுக்கு மட்டும். நீலம்னா சைக்கிளும் போகலாம். 1968ல் வந்த சட்டம். ஆனா நடக்கிறவங்களுக்கும் குதிரைக்கும் நாமதான் வழி விடணும்.

முந்தின நாள் மழை. நனைஞ்ச சுண்ணாம்பு சோப்பு மாதிரிங்க. எதிரே குதிரை வர, அவசரமா பிரேக் பிடிச்சேன், விழுந்தேன். தம்பிதான் பாட்டில் தண்ணி ஊத்தி முழங்காலைக் கழுவினான். "அந்தக் கிணத்தடி இடத்தை நீயே வச்சுக்கண்ணே"ன்னான், தலை நிமிராம.

பேங்க்ல தினமும் வட்டிக் கணக்கு பார்க்கிறவன் நான். எனக்கு அப்போ ஒரு பதிலும் வரலை.

புனே திரும்பியாச்சு. தழும்பு இருக்கு. வாரா வாரம் போன்ல பேசுறோம். அந்தப் பக்கம் போனா நீங்களும் ஓட்டிப் பாருங்க. மழைக்கு மறுநாள் மட்டும் வேண்டாம்.