ஜோன் ஜெட்டுக்கு ஒரு ரிதம் கிட்டார்க்காரியின் மடல்

அன்புள்ள ஜோன் ஜெட் அவர்களுக்கு,

நான் மெல்லிசைக் குழுவில் ரிதம் கிட்டார் வாசிக்கிறவள். கல்யாண வரவேற்போ கோயில் திருவிழாவோ, எங்கே போனாலும் நான் வேனை விட்டு இறங்கியதும் யாராவது ஒருவர், “நீங்கதான் பாடப் போறீங்களாம்மா?” என்று கேட்டுவிடுவார். தப்பான எண்ணத்தில் கேட்பதில்லை. பெண் மேடையேறினால் பாடத்தான் வருவாள் என்று ஊர் எப்போதோ முடிவு செய்துவிட்டது. நீங்களோ பாடகியாகி உலகப் புகழ் பெற்ற பிறகும் தோளிலிருந்து கிட்டாரை இறக்கவே இல்லை. என் முதல் நன்றி அதற்கு.

பதின்மூன்று வயதில் கிட்டார் கற்கப் போன உங்களிடம், பெண்கள் ராக் வாசிப்பதில்லை என்று வாத்தியார் சொன்னதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறீர்கள். அந்த வகுப்பை விட்டீர்களே தவிர கிட்டாரை விடவில்லை. 1975இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பெண்களே சேர்ந்த ‘தி ரன்அவேஸ்’ குழுவில் இருந்தீர்கள். பத்திரிகைகள் உங்கள் வாசிப்பைவிட வயதையும் உடையையும் பற்றித்தான் அதிகம் எழுதின. குழு கலைந்தபோது உங்களுக்கு இருபது வயது.

அதற்குப் பின் வந்த உங்கள் தனி ஆல்பத்துக்காகத்தான் இந்த மடல். ‘பேட் ரெப்யூடேஷன்’ (கெட்ட பேர்) என்ற அதன் முதல் பாட்டு மூன்று நிமிடம்கூட ஓடாது. அதை வாசித்துப் பார்த்தால்தான் அதன் வலிமை புரியும். வலது உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் மேல் லேசாக அழுத்தி வைத்து, மேலிருந்து கீழாக மட்டுமே அடித்துப் பழகினேன். பாதிப் பாட்டில் மணிக்கட்டு கடுக்கும். கொஞ்சம் தளர்ந்தாலும் பாட்டு உட்கார்ந்துவிடும். வித்தை காட்ட அதில் இடமே இல்லை; விடாமல் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். ரிதம் வாசிப்பவர்களை யாரும் கவனிப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு, ஒரு பாட்டின் கோபம் முழுவதையும் ரிதம் கிட்டாரே சுமக்க முடியும் என்று காட்டினீர்கள். பேர் கெட்டுவிடும் என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கப்பட்ட பெண்ணுக்கு, அந்தப் பயத்தை இவ்வளவு குதூகலமாக உதறும் குரலைக் கேட்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். ‘ஷவுட்’ எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. ஆனால் ‘யூ டோன்ட் ஓன் மீ’ இருக்கிறதே! 1963இல் லெஸ்லி கோர் பதினேழு வயதில் பாடியது. தன்னை யாரும் உடைமையாக்க முடியாது என்று ஒரு பள்ளி மாணவி வானொலியில் பாடிய காலம் அது. அந்தப் பாட்டை எடுத்து, செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் ஸ்டீவ் ஜோன்ஸையும் பால் குக்கையும் உடன் வாசிக்க வைத்துப் பாடினீர்கள். மூலத்தில் இருந்த வயலின்கள் போய், கிட்டார் இரைச்சல் வந்தது. துணிச்சல் உங்களோடுதான் தொடங்கியது என்று காட்டிக்கொள்ளாமல், முன்னே பாடிய அக்காவின் பாட்டை உங்கள் ஆல்பத்தில் மரியாதையாக உட்கார வைத்திருக்கிறீர்கள். கோபக்காரப் பெண் என்று உங்களைச் சொல்கிறவர்கள் இந்த நன்றியுணர்வைக் கவனிப்பதில்லை.

இருபத்து மூன்று இசைக் கம்பெனிகள் இந்த ஆல்பத்தை வேண்டாம் என்றன. நீங்களும் தயாரிப்பாளர் கென்னி லாகுனாவும் கைக்காசைப் போட்டு இசைத்தட்டு அடித்தீர்கள். 1980இல் ‘ஜோன் ஜெட்’ என்ற பெயரில் அது வந்தது. கச்சேரி முடிந்ததும் லாகுனாவின் கெடிலாக் கார் டிக்கியைத் திறந்து விற்றீர்கள். அடுத்த ஆண்டு நீல் போகார்ட்டின் போர்ட்வாக் நிறுவனம் அதே ஆல்பத்தை ‘பேட் ரெப்யூடேஷன்’ என்று பெயர் மாற்றி வெளியிட்டது. 1982இல் ‘ஐ லவ் ராக் அண்ட் ரோல்’ அமெரிக்காவில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்ததை ஊரே அறியும். எனக்கு அந்த ஏழு வாரத்தைவிட கார் டிக்கிதான் பெரிது. கதவு திறக்கட்டும் என்று நீங்கள் காத்திருக்கவில்லை. அதைவிட முக்கியம், அந்த ஆல்பத்தில் எங்குமே கெஞ்சல் இல்லை. என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரியில்கூட நீங்கள் கேட்கவில்லை. பாட்டுக்குப் பாட்டு, ஏற்கெனவே மேடையில் நிற்கிறவளின் குரல்தான்.

எங்கள் குழுவில் இப்போது பதினாறு வயதுப் பெண் ஒருத்தி டிரம்ஸ் வாசிக்க வந்திருக்கிறாள். சினிமாப் பாட்டு ஒத்திகை முடிந்ததும் நாங்கள் இருவரும் ‘பேட் ரெப்யூடேஷன்’ வாசிக்கிறோம். அவள் என்னைவிட வேகமாகப் போகிறாள். துரத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பெண்ணின் நன்றியையும் சேர்த்து அனுப்புகிறேன். அந்தக் காரின் டிக்கியைத் திறந்த லாகுனாவுக்கும் எங்கள் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ரசிகை